ஐநூறு டாலரைப் பூட்டிவைத்து ஒரு கார்டு வாங்கலாமா?

வாசகர் கேள்வி:

வணக்கம் மேடம். சென்னையிலிருந்து எச்-1பி விசாவில் வந்து ஐந்து மாதம் ஆகிறது. டெக்சஸில், ஃப்ரிஸ்கோவில் மனைவியோடு இருக்கிறேன். மனைவிக்கு எச்-4 விசா, எஸ்.எஸ்.என். (சோஷியல் செக்யூரிட்டி எண்) கிடையாது. ஊரில் என் சிபில் ஸ்கோர் 790. இங்கே இரண்டு பெரிய வங்கிகளில் கிரெடிட் கார்டு கேட்டேன், இரண்டிலும் இல்லை என்றுவிட்டார்கள். "கிரெடிட் யூனியனில் சேர், வட்டி 18 சதவீதத்துக்கு மேல் போகாது" என்கிறார் ஆபீஸ் நண்பர். எங்கள் கம்பெனி வழியாக ஒரு ஃபெடரல் கிரெடிட் யூனியனில் சேர முடியும். அங்கே இரண்டு கார்டு சொல்கிறார்கள். ஒன்று 500 டாலர் டெபாசிட் கட்டி வாங்கும் செக்யூர்டு கார்டு, ஆண்டுக் கட்டணம் இல்லை. இன்னொன்றுக்கு டெபாசிட் வேண்டாம். லிமிட் 500 டாலர், ஆண்டுக் கட்டணம் 39 டாலர், 1 சதவீதம் கேஷ்பேக். அடுத்த வருடத் தொடக்கத்தில் ஒரு பழைய கார் வாங்கும் எண்ணம் இருக்கிறது. அப்பாவிடம் போனில் சொன்னால், "சொசைட்டி மாதிரியா? பணம் பத்திரமா? உன் பணத்தையே கொடுத்துட்டு கடன் வாங்குறியா?" என்று கேட்கிறார். எந்தக் கார்டை எடுக்கட்டும்?

பதில்:

செக்யூர்டு கார்டையே எடுங்கள். 500 டாலரைப் பூட்டிவைக்கத் தயங்க வேண்டாம். ஆனால் உங்கள் நண்பர் சொன்ன காரணத்துக்காக எடுக்காதீர்கள். அந்த 18 சதவீதத்தால் உங்களுக்குப் பெரிய பலன் ஒன்றும் இல்லை. கார்டோடு சேர்த்து நீங்கள் கையெழுத்துப் போடப்போகும் காகிதத்தில் ஒரு பத்தி இருக்கும். ஒன்பது வருடம் ஒரு கிரெடிட் யூனியனின் கடன் பிரிவில் உட்கார்ந்திருந்தவள் என்பதால் அந்தப் பத்தியைப் பற்றித்தான் உங்களிடம் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால் அப்பாவுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

சொசைட்டி மாதிரியா என்றால், ஆமாம், சொசைட்டியேதான். கணக்கு வைத்திருப்பவர்கள்தான் சொந்தக்காரர்கள். பெரும்பாலும் 5 டாலரோ 25 டாலரோ போட்டுச் சேர வேண்டும், அதுதான் உங்கள் பங்கு. அதனால்தான் சேமிப்புக் கணக்கை ஷேர் அக்கவுன்ட் என்றும், அதற்குத் தரும் வட்டியை டிவிடென்ட் என்றும் சொல்கிறார்கள். ஆயிரம் டாலர் வைத்திருந்தாலும் லட்சம் டாலர் வைத்திருந்தாலும் நிர்வாகக் குழுத் தேர்தலில் ஆளுக்கு ஒரே ஓட்டு. பணம் பத்திரம்தான். வங்கிகளுக்கு எஃப்.டி.ஐ.சி. இருப்பதுபோல ஃபெடரல் கிரெடிட் யூனியன்களுக்கு என்.சி.யு.ஏ. என்ற அரசு அமைப்பு இருக்கிறது. ஒருவர் பெயரில் உள்ள சேமிப்புக்கு 2,50,000 டாலர் வரை அது காப்பீடு தருகிறது.

அப்பா ரசிக்கக்கூடிய ஒரு விஷயமும் உண்டு. எட்வர்ட் ஃபைலீன் என்ற பாஸ்டன் வியாபாரி 1907இல் உலகம் சுற்றக் கிளம்பி இந்தியாவுக்கு வந்தார். அப்போது நம் நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. கிராமத்துச் சங்கங்களைப் பார்த்துவிட்டுப் போன அவர், 1909இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கிரெடிட் யூனியன் சட்டம் வருவதற்குப் பாடுபட்டவர்களில் ஒருவர். நாடு முழுவதற்குமான சட்டம் 1934இல் வந்தது. அமெரிக்கர்களுக்கு ஜெர்மனியும் கனடாவும்கூட இதில் வழிகாட்டிகள்தான். ஆனாலும் நம்மூர்ச் சொசைட்டிக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்று அப்பாவிடம் தாராளமாகச் சொல்லலாம்.

"உன் பணத்தையே கொடுத்துட்டு கடன் வாங்குறியா" என்பது நல்ல கேள்வி. நகைக்கடனை நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நகை சொசைட்டியில் இருக்கும், ஆனாலும் அது நம்முடையதுதான். இங்கே நகைக்குப் பதிலாக 500 டாலர் இருக்கிறது. நகைக்கடன் வாங்குகிறவருக்குக் காசு தேவை. உங்களுக்குத் தேவை காசு இல்லை. மாதாமாதம் ஒழுங்காகக் கட்டினார் என்று உங்கள் பெயரில் ஒரு பதிவு வேண்டும், அதற்குத்தான் இத்தனையும்.

சரி, இரண்டு வங்கிகள் ஏன் மறுத்தன? உங்கள் ஸ்கோர் மோசம் என்பதாலில்லை. உங்களுக்கு இங்கே இன்னும் ஸ்கோரே பிறக்கவில்லை. சிபில் 790 விமானம் ஏறி வராது. கடன் கொடுப்பவர்கள் பெரும்பாலும் பார்க்கும் ஃபைக்கோ ஸ்கோர் உருவாக, குறைந்தது ஆறு மாதம் ஆன ஒரு கணக்காவது உங்கள் பெயரில் இருக்க வேண்டும், அந்தக் கணக்கின் விவரம் பீரோக்களுக்குப் போய்க்கொண்டும் இருக்க வேண்டும். ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்றும்தான் இங்கே சிபில் செய்யும் வேலையைச் செய்கின்றன. மூன்று இடத்திலும் உங்களுக்கு இப்போது ஒரு வெற்றுக் காகிதம்தான் இருக்கும், அதுவும் இருந்தால். ஊரில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கார்டு வைத்திருந்தீர்களா? அப்படியானால் அந்த உறவைக் காட்டி இங்கே அவர்களிடமே கார்டு கேட்கும் வழி ஒன்று இருக்கிறது. இல்லையென்றால் விடுங்கள், மூன்றாவதாக ஒரு பெரிய வங்கியில் போய் முயற்சி செய்து பார்க்காதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் ஒரு ஹார்டு என்கொயரி, அதாவது கடன் கேட்டு வந்தார் என்று பீரோவில் விழும் குறிப்பு. பதிவில் அது இரண்டு வருடம் நிற்கும், ஃபைக்கோ கணக்கில் ஒரு வருடம் எண்ணப்படும். இரண்டு என்கொயரியால் குடி முழுகிவிடாது. ஐந்தாறு சேர்ந்தால், பின்னால் கார் லோன் அதிகாரி உங்கள் ஃபைலைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது அதுவாகத்தான் இருக்கும்.

மறுத்த வங்கிகள் கடிதம் அனுப்பியிருக்குமே, எறிந்துவிட்டீர்களா? தேடி எடுங்கள். எந்தப் பீரோவின் அறிக்கையைப் பார்த்து மறுத்தார்கள் என்று அதில் இருக்கும். அந்தக் கடிதம் வந்து 60 நாளுக்குள் அந்தப் பீரோவிடம் உங்கள் அறிக்கையை இலவசமாகக் கேட்டு வாங்கலாம். அதில் நீங்கள் பார்க்க வேண்டியது உங்கள் பெயரை.

நம் ஆட்களுக்கென்றே உள்ள தலைவலி இது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தால் விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. என்று அடித்துவிடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். உங்கள் பெயர் கடைசிப் பெயர் ஆகிவிடும். எஸ்.எஸ்.என். கார்டில் ஒரு மாதிரி, டிரைவிங் லைசென்ஸில் இன்னொரு மாதிரி, சம்பளச் சீட்டில் அப்பா பெயர் முன்னால், வங்கியில் பின்னால். கேட்டால் எல்லாம் ஒரே ஆள்தான். கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. ஒரே ஆளுக்கு ஒரு பீரோவில் இரண்டு ஃபைல் திறந்து, ஒன்றில் கார்டும் இன்னொன்றில் கார் லோனும் தனித்தனியாக வளர்ந்த கதையை என் மேசையிலேயே பார்த்திருக்கிறேன். அவர் இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டியிருந்தார், ஸ்கோர் மட்டும் ஒரு வருடத்து ஆளின் ஸ்கோராகவே இருந்தது. அதனால் கிரெடிட் யூனியனில் கணக்குத் திறக்கும்போது எஸ்.எஸ்.என். கார்டில் பெயர் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுங்கள். கவுன்டரில் இருப்பவர் சுருக்கி எழுதினால் திருத்தச் சொல்லுங்கள். அபார்ட்மென்ட் எண் உட்பட முகவரியும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கட்டும்.

இப்போது அந்த 18 சதவீதம். நண்பர் சொன்னது உண்மைதான். ஃபெடரல் கிரெடிட் யூனியன் சட்டப்படி வட்டி உச்சவரம்பு 15 சதவீதம். அதை உயர்த்திவைக்க என்.சி.யு.ஏ. வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. 1987இலிருந்து 18 சதவீதமாக வைத்து, அவ்வப்போது நீட்டித்துக்கொண்டே வருகிறார்கள். பெயரில் ஃபெடரல் என்ற சொல் இருக்கும் சங்கங்களுக்குத்தான் இந்த வரம்பு. மாநில அனுமதியில் நடப்பவை அந்தந்த மாநிலச் சட்டத்துக்குள் வரும். பெரிய வங்கிகளின் முதல் கார்டு 28 சதவீதம் என்றெல்லாம் வட்டி போடும்போது இது நல்ல பாதுகாப்புதான், மறுக்கவில்லை.

ஆனால் உங்கள் லிமிட் என்ன? 500 டாலர். ஒரு மாதம் 400 டாலர் பாக்கி வைத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீதத்தில் வட்டி 6 டாலர். 28 சதவீதத்தில் 9 டாலர் 33 சென்ட். வித்தியாசம் ஒரு காபிக்குக் காணாது. ஸ்டேட்மென்டில் வந்த தொகையை முழுசாகக் கட்டிவிட்டால் இரண்டிலும் வட்டி பூஜ்யம். கொஞ்சம் பாக்கி வைத்தால்தான் ஸ்கோர் ஏறும் என்று ஆபீஸ் கேன்டீனில் யாராவது சொல்வார்கள். நம்பாதீர்கள், வட்டி கட்டுவதால் ஏறும் ஸ்கோர் என்று ஒன்று கிடையாது. வட்டி விகிதம் முக்கியமாவது பெரிய லிமிட் வந்து, வேலையோ உடம்போ கையை விட்டு, பாக்கி தங்கிப்போகும் நாளில்தான். முதல் கார்டைத் தேர்ந்தெடுக்க அது அளவுகோல் ஆகாது.

டெபாசிட் இல்லாத கார்டின் கணக்கையும் போட்டுவிடுவோம். ஆண்டுக்கு 39 டாலர் கட்டணம், 1 சதவீதம் கேஷ்பேக். கட்டணத்தை மீட்கவே வருடம் 3,900 டாலர் செலவழிக்க வேண்டும். மாதம் 325, அதாவது 500 டாலர் லிமிட்டில் 65 சதவீதம். லிமிட்டில் அவ்வளவு பங்கை மாதாமாதம் பயன்படுத்துகிறவரை ஸ்கோர் கணக்கு நெருக்கடியில் இருப்பவராகப் பார்க்கும். கட்டணத்தை மீட்கப்போனால் ஸ்கோர் போகிறது, ஸ்கோரைக் காப்பாற்றினால் கட்டணம் போகிறது. யார் இதை யோசித்து வடிவமைத்தார்களோ!

அப்படியானால் செக்யூர்டு கார்டு. கையெழுத்துப் போடும் முன் கடன் அதிகாரியிடம் உட்கார்ந்து பேசுங்கள். கிரெடிட் யூனியனின் பெரிய சௌகரியமே அங்கே பேச ஒரு மனிதர் இருப்பதுதான். வங்கியின் ஆன்லைன் ஃபார்ம் முப்பது நொடியில் மறுத்துவிடும், காரணம் கேட்க ஆள் இருக்காது. இங்கே சம்பளச் சீட்டைக் காட்டி, வேலைக் கடிதத்தைக் காட்டிப் பேசலாம். உறுப்பினராகச் சேருவதற்கே ஹார்டு என்கொயரி போடுவீர்களா என்று முதலில் கேளுங்கள். சில இடங்களில் போடுகிறார்கள். சேரவும் கார்டுக்கும் சேர்த்து ஒரே என்கொயரியில் முடித்துத்தரச் சொல்லலாம், பல அதிகாரிகள் செய்வார்கள்.

அடுத்து, மூன்று பீரோவுக்கும் மாதாமாதம் விவரம் அனுப்புகிறீர்களா என்று கேளுங்கள். இது தலையாய கேள்வி. சின்னச் சங்கங்களில் ஒன்றுக்கோ இரண்டுக்கோ மட்டும் அனுப்பும் பழக்கம் உண்டு. நீங்கள் எக்ஸ்பீரியனில் பதிவு வளர்த்துக்கொண்டிருக்க, கார் கடைக்காரர் ஈக்விஃபேக்ஸைத் திறந்து பார்த்தால் அங்கே நீங்கள் நேற்று வந்த ஆள்தான். மூன்றுக்கும் அனுப்பவில்லை என்றால் அந்தக் கார்டு வேண்டாம், கம்பெனி வழியாகச் சேர முடிகிறதே என்று பார்க்காதீர்கள். யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய பெரிய கிரெடிட் யூனியன்களும் இருக்கின்றன. ராணுவத் துறையினருக்காகத் தொடங்கிய பென்ஃபெட் இப்போது எல்லோரையும் சேர்த்துக்கொள்கிறது. தொழில்நுட்பத் துறைக்காரர்கள் நிறையப் பேர் இருக்கும் ஃபர்ஸ்ட் டெக் கிரெடிட் யூனியனில், அதோடு தொடர்புள்ள வேறோர் அமைப்பின் உறுப்பினராகி உள்ளே போகலாம்.

டெபாசிட்டை எப்போது திருப்பித் தருவீர்கள், அப்போது இதே கணக்கு சாதாரணக் கார்டாக மாறுமா அல்லது இதை மூடிவிட்டுப் புதிதாக விண்ணப்பிக்கச் சொல்வீர்களா என்பதையும் கேட்டுவிடுங்கள். அதே கணக்கு என்றால் கணக்கின் வயது தொடரும். புது விண்ணப்பம் என்றால் இன்னொரு என்கொயரி, வயதும் முதலிலிருந்து. டெபாசிட் சேமிப்புக் கணக்கில் டிவிடென்ட் வாங்கிக்கொண்டு இருக்குமா என்று கேட்கலாம். 500 டாலருக்கு அது ஒன்றும் பெரிய காசில்லை, ஆனால் அந்தக் கேள்விக்கு வரும் பதிலிலேயே எதிரே இருப்பவருக்குத் தன் கார்டைப் பற்றி எவ்வளவு தெரியும் என்று தெரிந்துவிடும். ஊருக்குப் போகும்போது தேய்ப்பதாக இருந்தால் வெளிநாட்டுக் கட்டணம் உண்டா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தப் பத்தி.

கிரெடிட் கார்டு பாக்கிக்காக, அதே வங்கியில் இருக்கும் உங்கள் சேமிப்பிலிருந்து வங்கி தானாகப் பணத்தை எடுத்துக்கொள்ள அமெரிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆனால் உங்கள் சேமிப்பை நீங்களே சம்மதித்து அடமானமாக எழுதிக்கொடுத்திருந்தால் அந்தத் தடை பொருந்தாது. கிரெடிட் யூனியன்களில் நிறைய இந்த வழியை வைத்திருக்கின்றன. கார்டு ஒப்பந்தத்தில், "எங்களிடம் உள்ள உங்கள் எல்லா ஷேர் கணக்குகளின் மீதும் எங்களுக்குப் பிணை உரிமை உண்டு" என்ற பொருளில் ஒரு பத்தி, அதற்குக் கீழே தனியாக ஒரு கையெழுத்துக் கோடு. செக்யூரிட்டி இன்டரஸ்ட், ப்ளெட்ஜ் ஆஃப் ஷேர்ஸ் என்ற சொற்கள் கண்ணில் பட்டால் அங்கே நில்லுங்கள். செக்யூர்டு கார்டுக்கு 500 டாலர் பிணை என்பது நியாயம், அது தெரிந்துதான் வாங்குகிறீர்கள். நான் சொல்வது மற்ற பணத்தை. சம்பளம் வந்து விழும் கணக்கு, ஊருக்கு அனுப்ப வைத்திருக்கும் பணம், எல்லாம் அதற்குள் வந்துவிடக்கூடும்.

இதன் தம்பி ஒருவன் இருக்கிறான். கார் லோன் ஒப்பந்தத்தில், இந்தக் கார் இந்தக் கடனுக்கு மட்டுமல்ல, நீங்கள் எங்களுக்குக் கொடுக்க வேண்டிய எல்லாக் கடனுக்கும் பிணை என்று எழுதியிருப்பார்கள். கிராஸ் கொலாட்டரல் என்று பெயர். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் கார் கடனைக் கடைசி டாலர் வரை கட்டி முடித்தார்கள். வேலை போயிருந்த சமயம், காரை விற்றுவிட்டு ஊருக்குப் போகலாம் என்று டைட்டில், அதாவது காரின் உரிமைப் பத்திரம் கேட்டால், தர முடியாது என்றுவிட்டது அந்தச் சங்கம். அதே இடத்தில் வாங்கிய கிரெடிட் கார்டில் பாக்கி நின்றிருந்தது. கையெழுத்துப் போட்ட அன்று அவர்களுக்கு யாரும் அதை வாசித்துக் காட்டவில்லை. சட்டப்படி சங்கம் செய்தது சரிதான், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

உங்களை எதற்குப் பயமுறுத்துகிறேன் என்றால், நீங்கள் எச்-1பியில் இருக்கிறீர்கள். வேலை போனால் இங்கே தங்கி வேறு வேலை தேட அதிகபட்சம் 60 நாள். அந்த 60 நாளில் கையில் காசு புரள வேண்டும். அந்த நேரத்தில் கார்டு பாக்கிக்காகச் சம்பளக் கணக்கு முடங்கினால் வாடகை, டிக்கெட், எல்லாம் நின்றுபோகும். அதனால் என் யோசனை இது: சம்பளம் இப்போது எந்த வங்கிக்கு வருகிறதோ அங்கேயே வரட்டும். கிரெடிட் யூனியனில் பங்குத் தொகை, 500 டாலர் டெபாசிட், கார்டு பில் கட்ட ஓரிரு நூறு, அவ்வளவு போதும். சம்பளத்தையும் இங்கே மாற்றினால் சலுகை தருகிறோம் என்பார்கள். என் பழைய சகாக்கள் கோபித்துக்கொள்வார்கள், இருந்தாலும் சொல்கிறேன், கார்டு இருக்கும் இடத்தில் முழுச் சேமிப்பையும் வைக்காதீர்கள்.

கார்டு கைக்கு வந்த பிறகு என்ன செய்வது? முதலில் ஒரு தவறான நம்பிக்கையை அகற்றிவிடுகிறேன். டெபாசிட் இருக்கிறதே, பில்லை அதிலிருந்து எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்துக் கட்டாமல் விட்டவர்கள் உண்டு, படித்தவர்கள்தான். டெபாசிட் பில் கட்டுவதற்கு இல்லை. மாதாமாதம் நீங்கள்தான் கட்ட வேண்டும். கெடு தாண்டி 30 நாள் ஆனால் அது தாமதமாகப் பீரோவில் பதிவாகும், ஏழு வருடம் நிற்கும். ஃபைக்கோவில் 35 சதவீத எடை, கட்டிய வரலாற்றுக்கு. வெற்றுக் காகிதத்தில் முதல் வரியே கறையாக விழுந்தால் நீங்கள் 500 டாலரைப் பூட்டியதற்கே அர்த்தமில்லை. ஆட்டோ பே போடுங்கள், மினிமம் தொகைக்கு இல்லை, ஸ்டேட்மென்ட் பேலன்ஸ் முழுவதற்கும். வெளி வங்கியிலிருந்து எடுக்கும்படி அமைத்தால் அது ஓட ஆரம்பிக்க ஒரு சுற்று ஆகலாம், அதனால் முதல் பில்லை மட்டும் கையாலேயே கட்டிவிடுங்கள்.

30 சதவீத எடை, எவ்வளவு பாக்கி காட்டுகிறீர்கள் என்பதற்கு. பெரும்பாலும் பீரோவுக்குப் போவது ஸ்டேட்மென்ட் முடியும் நாளில் இருக்கும் தொகை. பட்டேல் பிரதர்ஸில் ஒரு சனிக்கிழமை அரிசி, பருப்பு, காய்கறி என்று தேய்த்தாலே 500 டாலர் லிமிட்டில் பாதி போய்விடும். அதனால் இந்தக் கார்டில் போன் பில்லும் ஒரு சந்தாவும் போதும், 50 டாலருக்குள். தினசரிச் செலவுக்கு டெபிட் கார்டு இருக்கட்டும். ஒரு மாதம் கூடிப்போனால் பதறாதீர்கள். இன்றும் அதிகம் புழங்கும் ஃபைக்கோ வகைகளில் இந்தப் பகுதி அந்தந்த மாதக் கணக்குத்தான், அடுத்த மாதம் குறைந்தால் ஸ்கோர் திரும்பிவிடும். கார் லோனுக்குப் போவதற்கு முந்தைய மாதம் மட்டும் ஸ்டேட்மென்ட் நாளுக்கு முன்பே கட்டி, பத்து சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கையில் 1,000 டாலர் உபரியாக இருந்தால் டெபாசிட்டை 1,000 ஆகவே போட்டுவிடலாம். லிமிட்டும் அவ்வளவாகும், இந்த மூச்சுத்திணறல் பாதியாகக் குறையும்.

மனைவி விஷயம். எஸ்.எஸ்.என். இல்லாமல் தனிக் கார்டு வாங்குவது இப்போதைக்குச் சிரமம். உங்கள் கார்டில் அவரை ஆதரைஸ்டு யூசராகச் சேர்க்கலாம். கடனுக்கு அவர் பொறுப்பில்லை, பதிவு மட்டும் அவர் பெயரிலும் சேரும். ஆனால் எல்லாக் கிரெடிட் யூனியனும் ஆதரைஸ்டு யூசர் விவரத்தைப் பீரோவுக்கு அனுப்புவதில்லை, கேட்டுக்கொள்ளுங்கள். வருமானவரி சேர்ந்து தாக்கல் செய்யும்போது டபிள்யூ-7 படிவம் வைத்து அவருக்கு ஐ.டி.ஐ.என். என்ற வரி எண் வாங்கிவிடுங்கள், அதை ஏற்கும் சங்கங்கள் உண்டு. நீங்கள் உறுப்பினர் என்றால் குடும்பத்தாராக அவரும் உறுப்பினராகலாம். 5 டாலரில் அவர் பெயரில் ஒரு பங்கு தொடங்கிவைப்பது நல்லது. நாளைக்கு வேலை அனுமதி வந்து எஸ்.எஸ்.என். கிடைக்கும் அன்று அவர் புது ஆளாக வரிசையில் நிற்க வேண்டாம்.

அப்புறம் கார். இந்த மாதமே கார்டு எடுத்தால்தான் அடுத்த வருடத் தொடக்கத்தில் ஆறு மாதம் நிறைந்து ஃபைக்கோ ஸ்கோர் பிறந்திருக்கும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். இடையில் வேறு எந்தக் கார்டும் கேட்காதீர்கள், கடை வாசலில் இருபது சதவீதத் தள்ளுபடி என்று நீட்டும் ஸ்டோர் கார்டு உட்பட. ஸ்கோர் வந்ததும் கார் பார்க்கப் போகும் முன்பே கிரெடிட் யூனியனில் முன் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய கார் கடனில் அவர்கள் வட்டி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், உங்களை ஆறு மாதமாகத் தெரிந்த ஆளும் அங்கே இருக்கிறார். டீலர் வேறு நாலு இடத்தில் உங்கள் ஃபைலை அனுப்பினாலும், எல்லாம் இரண்டு வாரத்துக்குள் நடந்தால் ஸ்கோர் கணக்கில் அது ஒரே என்கொயரிதான். கடன் ஒப்பந்தத்தில் கிராஸ் கொலாட்டரல் பத்தியை அங்கேயும் தேடுங்கள். எடுக்க முடியுமா என்று கேளுங்கள், மாட்டோம் என்றால் கார் கடனைக் கட்டி முடிக்கும் மாதத்தில் கார்டில் பாக்கி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, டெக்சஸில் கார் இன்ஷூரன்ஸ் பிரீமியம் போடும்போதும் கிரெடிட் விவரத்தைப் பார்க்க நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு. முதல் வருடப் பிரீமியம் கொஞ்சம் கசக்கும். ஒரு வருடம் கழித்து மறுபடி விலை கேளுங்கள்.

கிளைக்குப் போகும்போது பாஸ்போர்ட், எஸ்.எஸ்.என். கார்டு, கடைசி இரண்டு சம்பளச் சீட்டு, அபார்ட்மென்ட் லீஸ், ஐ-797 படிவம் (உங்கள் எச்-1பி ஒப்புதல் அறிவிப்பு) எல்லாம் எடுத்துப் போங்கள். கார்டு ஒப்பந்தத்தை முந்தைய நாளே மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லி இரவில் உட்கார்ந்து வாசியுங்கள். அனுப்ப மாட்டோம் என்று சொன்னால், அன்றைக்குக் கையெழுத்துப் போடாமல் பிரதியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.